ஒழுகும் மாடித் தொட்டி வால்வு: பழுது பார்ப்பதா, யூனியன் பால் வால்வு போடுவதா?

மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் ஒரு இன்ச் பைப்பில் எங்களுக்குப் பித்தளை கேட் வால்வுதான் (தகடு இறங்கி மூடும் வகை) இருந்தது. அதை எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் யூனியன் (கையால் திருகிக் கழற்றும் நட்டு இணைப்பு) உள்ள பிவிசி பால் வால்வு (துளையுள்ள பந்து திரும்பி மூடும் வகை) போட்டுவிட்டோம். என் ஓட்டும் அதற்கே.

ஆனால் எடுத்தவுடன் மாற்றிவிடாதீர்கள். எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். கைப்பிடிக்குக் கீழே ஸ்பின்டில் (கைப்பிடியோடு சுற்றும் தண்டு) ஓரமாகச் சொட்டினால், அதைச் சுற்றியுள்ள கிளாண்ட் நட்டை ஸ்பேனரால் கால் சுற்று இறுக்கினாலே பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் தொட்டியை வடித்து, நட்டைக் கழற்றி, ஸ்பின்டிலைச் சுற்றி டெஃப்லான் கயிறு வைத்து மூடலாம். செலவு சொற்பம்.

இறுக மூடியும் கீழே குழாயில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் கதை வேறு. போர் தண்ணீரின் உப்பு, கேட் வால்வுக்குள் தகடு போய் உட்காரும் இடத்தில் படிந்துவிடும். தகடு முழுசாக இறங்காது. பலம் கொடுத்துத் திருகினால் ஸ்பின்டில்தான் முறியும்.

பால் வால்விலும் உப்பு படியத்தான் செய்யும். அங்கேதான் யூனியன் கைகொடுக்கிறது. சாதாரண பால் வால்வை இரண்டு பக்கமும் சொல்யூஷன் (பிவிசி பசை) போட்டு ஒட்டிவிடுவார்கள். கெட்டால் பைப்பை அறுத்தே ஆகவேண்டும். தொட்டியிலிருந்து வெளியே வரும் பைப் நீளம் ஒரு சாண்கூட இருக்காது. இரண்டு முறை அறுத்தால் அடுத்த முறை ஒட்ட இடமே இருக்காது, தொட்டி நிப்பிளில் (தொட்டிச் சுவரில் பொருத்திய குழாய்த் துண்டில்) கைவைக்க வேண்டிவரும். யூனியன் வால்வு என்றால் தொட்டியை வடித்துவிட்டு இரண்டு நட்டையும் கையால் திருகினால் போதும், நடுப்பாகம் தனியாக வந்துவிடும். வினிகரில் ஊறவைத்துக் கழுவி, ஓ-ரிங் (ரப்பர் வளையம்) தேய்ந்திருந்தால் மாற்றி, திரும்ப மாட்டிவிடலாம். விலை கூடுதல்தான், ஆனால் கொடுக்கலாம். ஒட்டும்போது நடுப்பாகத்தைக் கழற்றி வைத்துவிடச் சொல்லுங்கள். சொல்யூஷன் உள்ளே வழிந்தால் பந்து ஒட்டிக்கொள்ளும். மாதம் ஒருமுறை சும்மாவாவது மூடித் திறங்கள்.

கீசர் லைனுக்கு பிவிசி ஆகாது. சிபிவிசி (சூடு தாங்கும் பிவிசி வகை) அல்லது பித்தளை போடுங்கள். எங்கள் வால்வு தொட்டி நிழலில் இருக்கிறது, என் அனுபவம் அவ்வளவுதான். நேர் வெயில் படும் இடமென்றால் தண்ணீரில் கரையும் வெள்ளை பெயின்ட் ஒரு கோட் அடித்துவிடுங்கள். பிரஷர் பம்பு வைத்த வீடுகளில் பால் வால்வைப் படக்கென்று மூடக்கூடாது, பைப் அதிரும். இந்த ஒரு விஷயத்தில் மெதுவாக மூடும் கேட் வால்வே மேல்.