பழைய டீசல் காரில் பிக்கப் போனால் டர்போவைக் கடைசியில் சந்தேகப்படுங்கள்

என்னிடம் இருப்பது 2011 மாடல் 1.3 லிட்டர் டீசல் ஹேட்ச்பேக். 1248 சிசி, 75 குதிரைத்திறன். ஒன்றரை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. 2000 ஆர்பிஎம் வரைக்கும் சோம்பேறி. அதைத் தாண்டினதும், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ ஒரு தள்ளு தள்ளும். அந்தத் தள்ளல் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனது.

ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியவில்லை. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போதுதான் தெரிந்தது. வழக்கமாக மூன்றாவது கியரில் இழுக்கும் ஏற்றங்களில் இரண்டாவதுக்கு இறங்க வேண்டியிருந்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கரும்புகை. செக் இன்ஜின் லைட் மட்டும் எரியவே இல்லை. எரியாததால் கோளாறு இல்லை என்று ஆகிவிடாது. டர்போ தரும் காற்றழுத்தத்தின் குறைவு ஓரளவைத் தாண்டி, கொஞ்ச நேரம் நீடித்தால்தான் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு அதை பி0299 என்ற கோளாறு எண்ணாகக் குறித்து வைக்கும். அதுவரை கார் சும்மா மந்தமாக ஓடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் பானட்டைக்கூடத் திறக்கவில்லை. “டர்போ வீக்காயிடுச்சுங்கண்ணா, மாத்திட்டா சரியாயிரும்” என்றார்கள். பழைய கார் என்றாலே வரும் தீர்ப்பு இது. ஆனால் டர்போ பெரும்பாலும் சத்தமில்லாமல் சாகாது. சைரன் மாதிரி ஊளையிடும், நீலப்புகை வரும், ஆயில் குறையும். ஏர் ஃபில்டரிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, இன்ஜின் ஆறியிருக்கும்போது டர்போவின் தண்டை விரலால் அசைத்துப் பார்க்கலாம். பக்கவாட்டில் லேசாக ஆடினால் பயமில்லை. அது ஆயில் படலத்தின் மேல் மிதக்கிற பேரிங். முன்னும் பின்னும் ஆடினாலோ, இறக்கை சுவரில் உரசினாலோதான் ஆபத்து. என் காரில் இரண்டும் இல்லை.

அப்புறம் புகையைப் பார்க்க வேண்டும். கரும்புகையோடு பிக்கப் போனால், டீசல் வருகிறது, அதற்கேற்ற காற்று போகவில்லை. புகையே இல்லாமல் இழுக்க மறுத்தால் டீசல் ஃபில்டர், ரயில் பிரஷர் (இன்ஜெக்டர்களுக்குப் போகும் டீசலின் அழுத்தம்) பக்கம் போகலாம். ஆர்பிஎம் எகிறி, வேகம் மட்டும் ஏறாவிட்டால் கிளட்ச். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க ஒரு கருவியும் வேண்டாம்.

எனக்குக் காற்றுதான் என்று புரிந்ததும், கார் கணினியின் எண்களைப் போனில் காட்டும் இஎல்எம் 327 வகை புளூடூத் ஸ்கேனர் ஒன்றை வாங்கி ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகினேன். இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் காட்டும் எண் ஒன்று போதும். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினால் அது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும்: சேலத்தில் 98 கிலோபாஸ்கல் பக்கம், ஏற்காட்டின் உயரத்தில் 85 பக்கம். இப்படி இரண்டு இடத்திலும் சரியாகச் சொன்னால் சென்சாரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. அடுத்து மூன்றாவது கியரில், ஏற்றத்தில், ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதிக்க வேண்டும் (எண்ணைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும்). இந்த மாதிரி இன்ஜினில் 200ஐ ஒட்டி வர வேண்டியது, எனக்கு 140ஐத் தாண்டவில்லை. ஒரு விஷயம்: ஓபிடியின் (ஸ்கேனர் கார் கணினியோடு பேசும் முறை) பொதுவான மேப் அளவு 255க்கு மேல் காட்டாது. பெரிய டர்போ வைத்திருப்பவர்கள் 255லேயே நிற்கிறதே என்று குழம்ப வேண்டாம்.

காற்று எங்கோ வெளியேறுகிறது. ஐடிலில் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது) எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது, ஏனென்றால் அப்போது டர்போ அழுத்தமே தருவதில்லை. அதனால் டர்போவின் வாயை ஒரு பிவிசி மூடியால் அடைத்து, அதில் டியூப்லெஸ் டயர் வால்வைப் பொருத்தி, பஞ்சர் கடை கம்ப்ரசரிலிருந்து காற்று கொடுத்தோம். 15 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றக் கூடாது. மீறினால் சீல்கள் தாங்காது. சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பது போல ஹோஸ்கள் மேல் சோப்புத் தண்ணீரை ஊற்றினோம். டர்போவின் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம், கிளாம்புக்கு ஒட்டினாற்போல, நுரை பொங்கியது. மேலே இருந்து பார்த்தால் புது ஹோஸ் மாதிரி இருந்தது. அடியில் கைவிட்டால் ஆயிலும் புழுதியும் சேர்ந்த பிசுபிசுப்பு, அதற்குள் நகம் நுழையும் அளவு வெடிப்பு. அழுத்தம் ஏறும்போது மட்டும் வாய் திறந்து, இறங்கியதும் மூடிக்கொள்ளும் வெடிப்பு.

சிலிக்கான் ஹோஸும் புதுக் கிளாம்பும் போட்டோம். கையோடு மேப் சென்சாரின் கரியையும் துடைத்தாயிற்று. அதே ஏற்றத்தில் 195 வந்தது, கரும்புகை நின்றது. டர்போவுக்குக் கேட்ட தொகையோடு ஒப்பிட்டால் இது சில்லறை. சிலிக்கான் ஹோஸைப் பற்றி இதுவரை குறையில்லை. ஆனால் ஓடத் தொடங்கியதும் கிளாம்ப் ஒருமுறை தளர்ந்தது, இறுக்கினேன். இப்போது ஆயில் மாற்றும்போதெல்லாம் அதையும் தொட்டுப் பார்க்கிறேன்.

ஸ்கேனருக்கு முழு மார்க் கொடுக்க மாட்டேன். பாதி வழியில் தொடர்பு அறுந்துபோகும், சில கோளாறு எண்களைப் படிக்கவே படிக்காது. கார் நாள் கணக்கில் நிற்பதாக இருந்தால் பிடுங்கி வைத்துவிடுங்கள், பேட்டரியை உறிஞ்சும். இப்போது 2500 ஆர்பிஎம்முக்கு மேல் லேசாக ஒரு விசில் கேட்கிறது, மேப் எண் மட்டும் குறையவில்லை. எக்ஸாஸ்ட் பக்கத்து கேஸ்கெட்டாக இருக்கலாம். அடுத்த சர்வீஸில் அங்கே கரி படிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.