உதகையில் அமைதியான வாடகை வீடு தேடுவோர் கவனத்திற்கு

கோவை காந்திபுரத்தில் பேருந்து நிலையத்தின் இரைச்சலுக்கு நடுவே குடியிருந்தபடி பிளஸ் டூ மாணவர்களுக்கு மாலை நேரத்தில் இணையவழியில் கணக்குப்பதிவியல் வகுப்பு எடுத்துவந்த நான், சத்தமில்லாத வீடு வேண்டும் என்ற ஒரே காரணத்திற்காகத்தான் கணவருடன் உதகைக்குக் குடிபெயர்ந்தேன். ஃபர்ன்ஹில் பக்கம் சரிவில் இருக்கும் ஒரு மாடி வீட்டைத் தரகர் ஒருவர் எங்கள் தலையில் கட்டிய விதம், மலையில் வீடு பார்க்க வரும் மற்றவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

அவர் வீட்டைக் காட்டியது ஆகஸ்ட் மாதத்தில், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு வேலைநாளின் நண்பகலில். கீழ்த்தளம் பூட்டிக் கிடந்தது. உரிமையாளரின் மகன் வெளிநாட்டில் இருப்பதாகவும், ஆண்டுக்கு ஒருமுறை வந்து தங்கிப் போவதாகவும் சொன்னார். படுக்கையறையின் பின்பக்க ஜன்னலை நான் திறக்கப் போனபோது, "மேடம், அதைத் திறக்காதீங்க, குளிர்காத்து நேரா உள்ளே அடிக்கும்" என்று தடுத்தார். வாடகை 14,000 ரூபாய், முன்பணம் ஒரு லட்சம், தரகு ஒரு மாத வாடகை. மாலையில் வகுப்பு எடுப்பதால் அமைதி முக்கியம் என்று அவரிடம் மட்டுமல்ல, உரிமையாளரிடமும் தெளிவாகவே சொல்லியிருந்தோம், இருவரும் தலையாட்டினார்கள்.

ஆயுத பூஜைத் தொடர் விடுமுறையில், அதாவது இங்குள்ளவர்கள் செகண்ட் சீசன் என்று சொல்லும் காலத்தில், உண்மை வெளியானது. கீழ்த்தளத்தின் இரண்டு போர்ஷன்களும் நாள் வாடகைக்குச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடப்படும் காட்டேஜ்கள். இரவு ஏழு மணிக்கு வீட்டின் பின்புறம் விறகை அடுக்கிக் கேம்ப்ஃபயர் மூட்டுவார்கள்; சக்கரம் வைத்த பெரிய ஸ்பீக்கர் வெளியே வரும். தேய்மானக் கணக்கை விளக்கிக்கொண்டிருந்தபோது, "மிஸ், பாட்டு மட்டும்தான் கேக்குது" என்று ஒரு மாணவி சொன்னதுதான் எனக்குக் கிடைத்த முதல் புகார். போதாக்குறைக்கு, முன்பதிவுச் செயலி ஒன்றில் தேடிப் பார்த்தால், எங்கள் மாடி வராந்தாவே அந்தக் காட்டேஜின் 'வியூ பாயிண்ட்' என்று படத்தோடு போடப்பட்டிருந்தது. முன்பின் தெரியாதவர்கள் காலை ஆறு மணிக்குப் படியேறி வந்து செல்ஃபி எடுத்ததற்கான காரணம் அப்போதுதான் புரிந்தது. திறக்கக் கூடாது என்ற ஜன்னலுக்கு நேர் எதிரே, மதில் சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்து விடுதியின் டீசல் ஜெனரேட்டர் இருந்தது. மின்சாரம் போகும்போதெல்லாம் கண்ணாடி அதிரும்.

மலை என்றாலே இரவில் நிசப்தம் என்று நினைத்து வருபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தெளிந்த இரவுகளில் பள்ளத்தாக்கின் அடியில் குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே சற்று வெதுவெதுப்பான காற்றும் படிந்துவிடுவதால், மேலே போய்க் கலைய வேண்டிய ஓசை வளைந்து மீண்டும் தரைக்கே இறங்குகிறது. எதிர்ச்சரிவில் யாரோ வைக்கும் பாட்டின் வரிகூடத் தெளிவாகக் கேட்கும். ஏற்றத்தில் முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறும் வேன்களின் சத்தம் தனி. ஆகவே சாலை வளைவுக்கு மேலே உள்ள வீடுகளைச் சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒருமுறை நேரில் போய்ப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பதே வரம்பு. இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைப்பதற்குத் தடை உண்டு. ஓர் இரவு 100-ஐ அழைத்தோம். காவலர்கள் வந்தார்கள், ஸ்பீக்கர் உள்ளே போனது, அவர்கள் போனதும் மீண்டும் வெளியே வந்தது. மறுநாள் காலை எங்கள் குழாயில் தண்ணீர் வரவில்லை. மோட்டார் பழுது என்றார் உரிமையாளர். ஆனால் கீழ்த்தளத்தில் விருந்தினர்கள் குளித்துக்கொண்டுதான் இருந்தார்கள். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்திக் குடித்தனக்காரரை வெளியேற்றப் பார்ப்பதை 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் தடை செய்கிறது என்று எடுத்துச் சொன்னபோது, "அப்படியா, காலி பண்ணிடுங்க" என்பதே பதிலாக வந்தது.

காலி செய்தோம். ஒரு லட்சத்தில் பெயிண்ட் அடிக்க 18,000 ரூபாயும், பதினொரு மாதம் முடியும் முன்பே வெளியேறியதற்காக இரண்டு மாத வாடகையான 28,000 ரூபாயும் பிடித்துக்கொண்டு 54,000 ரூபாயைத் திருப்பித் தந்தார். வேறு உடன்பாடு இல்லாத நிலையில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது அதே சட்டம். அந்த 'வேறு உடன்பாடு' அவர்களே தட்டச்சு செய்து கொண்டுவந்த ஒப்பந்தத்தில் அழகாக நுழைக்கப்பட்டிருந்தது. ஒப்பந்தத்தை வாடகை ஆணையத்தில் பதிவு செய்வோம் என்று நாங்கள் கேட்டபோதெல்லாம், ஊரில் யாரும் அப்படிச் செய்வதில்லை என்று தட்டிக் கழித்தார்கள். பதிவு செய்ய மறுக்கும் உரிமையாளரிடம் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்வது உத்தமம்.

வீடு பார்க்கும்போது கீழ்த்தளத்தின் மின் கட்டண ரசீதையும் கேளுங்கள். வீட்டு உபயோகம் என்றால் கட்டண விகிதம் ஒன்று-ஏ என்றும், வணிகம் என்றால் ஐந்து என்றும் இருக்கும். ஆளே இல்லாத வீட்டுக்குப் பல நூறு யூனிட் ஓடியிருந்தால் விகிதம் எதுவாக இருந்தாலும் சந்தேகப்படலாம். மூன்று போர்ஷனுக்கு ஐந்து தண்ணீர்த் தொட்டிகள், பின்புறம் வட்டமாகக் கருகிய புல்தரை, திரையிடாத ஜன்னல் வழியே தெரியும் மெத்தை அடுக்கு ஆகிய மூன்றும் அந்த வீட்டில் இருந்தன. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அக்கா, "அது காட்டேஜாச்சே, குடித்தனத்துக்கா விட்டாங்க?" என்று பிற்பாடு எங்களிடம் கேட்டார். தரகர் காரிலேயே கூட்டிவந்து காரிலேயே கொண்டுபோய் விட்டதால், அக்கம்பக்கத்தில் யாரிடமும் பேச அன்று வாய்ப்பே இருக்கவில்லை.

மீதிப் பணத்திற்கு வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். பெயிண்ட் வாங்கிய ரசீதைக் கேட்டதற்கு உரிமையாளர் அனுப்பிய நகலில், நாங்கள் குடிவருவதற்கு முந்தைய ஏப்ரல் மாதத் தேதி இருக்கிறது.