செகண்ட் ஹேண்ட் ஆர்எக்ஸ் 580: கோளாறு ஃபேனிலா, போர்டிலா?

2022 செப்டம்பரில் கிராஃபிக்ஸ் கார்டுகளை வைத்து எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தை ஈட்டும் மைனிங் நின்றுபோனதும் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்த கார்டுகளில் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580 8 ஜிபியும் ஒன்று. புதுச்சேரி, கடலூர் பக்கம் பழைய சிஸ்டம் வாங்குபவர்கள் கைக்கு இன்றும் வருகிறது. 1080பி-யில் விளையாட இன்னும் நல்ல கார்டு. ஆனால் 185 வாட் இழுக்கும் கார்டு இது. ஃபேன் தகராறு செய்தால் சில நிமிடங்களில் கொதித்துவிடும்.

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். டெஸ்க்டாப்பில் சும்மா இருக்கும்போது ஃபேன் சுற்றாவிட்டால் அது பழுது அல்ல. பல மாடல்களில் சூடு 50, 60 டிகிரியைத் தொடும்வரை ஃபேனை வேண்டுமென்றேதான் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கார்டுக்கு முழு வேலை கொடுக்கும் ஃபர்மார்க் சாஃப்ட்வேரை 10 நிமிடம் ஓடவிட்டு, கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட்டில் சென்சார் பக்கத்தைப் பாருங்கள். 70 முதல் 80 டிகிரிக்குள் நின்றால் நம் ஊர் வெயிலுக்கு அது நல்ல கார்டு. ஆரம்பித்த சில நொடிகளிலேயே 85-ஐத் தாண்டிக் குதித்தால் சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் (சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகப் பகுதி) நடுவில் தடவிய பேஸ்ட் காய்ந்திருக்கிறது, அல்லது ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஏறி ஏறி 90-ஐ நெருங்கினால் காற்றுதான் போதவில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பேஸ்ட் மேல் பேஸ்ட்டாக மாற்றுபவர்கள்தான் அதிகம்.

அடுத்தது ஃபேன் வேகத்தை நாமே மாற்ற உதவும் ஆஃப்டர்பர்னர் சாஃப்ட்வேர். ஆட்டோவை எடுத்துவிட்டு ஃபேனை 30, 60, 100 சதவீதம் என்று ஏற்றுங்கள். ஆர்பிஎம்மும் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற எண்) கூடவே ஏறினால் ஃபேனும் சரி, போர்டும் சரி. சிக்கல் சாஃப்ட்வேரிலோ, கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை நிரலான பயாஸிலோ இருக்கிறது. ஆஃப்டர்பர்னரும் ஏஎம்டி டிரைவரும் ஒரே ஃபேனை ஆளுக்கொரு பக்கம் இழுப்பதும் உண்டு, ஏதாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சதவீதம் ஏறியும் ஆர்பிஎம் அசையாவிட்டால் கண்ட்ரோல் வயரையோ போர்டையோ சந்தேகப்படலாம். திரையில் வரும் எண்ணை மட்டும் நம்பவும் கூடாது. இரண்டு ஃபேனுக்கும் ஒரே கனெக்டர் உள்ள கார்டுகளில் பெரும்பாலும் ஒரு ஃபேனின் வேகம்தான் தெரியும். இன்னொன்று செத்துக் கிடந்தாலும் எண் ஒழுங்காகவே ஓடும். கண்ணால் பாருங்கள்.

சிஸ்டத்தை அணைத்துவிட்டு இறக்கையை விரலால் லேசாகச் சுண்டிப் பாருங்கள். நல்ல ஃபேன் இரண்டு மூன்று சுற்று ஓடி மெதுவாக நிற்கும். பேரிங் காய்ந்தது அரைச் சுற்றிலேயே கரகரவென்று நின்றுவிடும். நடுவில் உள்ள ஸ்டிக்கரை உரித்து ஒரே ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டால் கொஞ்ச நாள் தாங்கும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசினாகிவிடும்.

இனி முக்கியமான சோதனை. நான்கு பின் ஃபேனில் கிரவுண்ட், 12 வோல்ட், வேகம் சொல்லும் வயர், கண்ட்ரோல் வயர் என நான்கு இருக்கும். நிறத்தை நம்பாமல் அந்த மாடலின் பின் வரிசையைப் பார்த்து, கண்ட்ரோல் வயரை மட்டும் ஊசியால் கனெக்டரிலிருந்து கழற்றிவிட்டு சிஸ்டத்தைப் போடுங்கள். ஃபேன் முழு வேகத்தில் சீறினால் மோட்டார் நலம், குற்றவாளி போர்டு பக்கம். சுற்றவே இல்லையென்றால் அந்த 12 வோல்ட் கனெக்டருக்கு வருகிறதா என்று மீட்டரில் பாருங்கள். வந்தும் சுற்றாவிட்டால் ஃபேனை மாற்றினால் போதும். வாங்கும்போது இறக்கையின் விட்டம், திருகு துளைகளின் இடைவெளி, ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண், கனெக்டர் அளவு நான்கும் பொருந்த வேண்டும்.

கடலோர வீடுகளில் இருந்து வரும் கார்டுகளில் கனெக்டர் பின்னைத் தனியாகக் கவனியுங்கள். உப்புக்காற்றில் பச்சை பூத்திருக்கும். 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷும் கொண்டு துடைத்தாலே சில ஃபேன்கள் உயிர் பெற்றுவிடும்.

மைனிங்கில் ஓடிய கார்டென்றால் பயாஸை மாற்றியிருப்பார்கள், ஃபேன் வேகமும் அதில் மாறியிருக்கலாம். கார்டின் மேல்விளிம்பில் சிறிய சுவிட்ச் இருந்தால் சிஸ்டத்தை அணைத்துவிட்டு அதைத் தள்ளிப் பாருங்கள், இன்னொரு பயாஸ் அங்கே இருக்கும். இல்லையென்றால் ஜிபியு-இசட்டில் இப்போதைய பயாஸைச் சேமித்துவிட்டு, அதே மாடலுக்கும் அதே கம்பெனி மெமரிக்கும் உரிய ஒரிஜினலை ஏற்றுங்கள்.

பேஸ்ட் மாற்றுவதென்றால் பாசிப்பயறு அளவு போதும். நான்கு ஸ்பிரிங் திருகுகளையும் குறுக்கும் நெடுக்குமாகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். மெமரி சிப்புகளுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் வைக்கும் பேடின் தடிமனை அளக்காமல் தடித்ததை வைத்தால் ஹீட்சிங்க் தூக்கிக்கொண்டு சிப்பைத் தொடாது, சூடு முன்பைவிட மோசமாகும்.

ஃபேன் நன்றாக இருந்து போர்டின் கண்ட்ரோல் மட்டும் போயிருந்தாலும் கார்டைக் காப்பாற்றலாம். அடாப்டர் வயரால் ஃபேனை மதர்போர்டில் உள்ள ஃபேன் பின்களில் (ஹெடர்) செருகி, ஃபேன் கண்ட்ரோல் என்ற இலவச சாஃப்ட்வேரில் ஜிபியு சூட்டுக்கு ஏற்ப ஓட வைக்கலாம். ஹெடர் பொதுவாக 1 ஆம்பியர் தாங்கும். ஃபேன் ஸ்டிக்கர்களில் உள்ள ஆம்பியரைக் கூட்டிப் பார்த்துவிட்டுச் செருகுங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் கார்டின் சிப்புக்குப் போகும் வோல்ட்டேஜை 1150-லிருந்து 1075 மில்லிவோல்ட் பக்கம் படிப்படியாக இறக்கினால் சத்தமும் சூடும் நன்றாகவே குறையும்.

பணம் கொடுக்கும் முன் ஜிபியு-இசட்டில் ஷேடர் (சிப்புக்குள் கணக்குப் போடும் சிறு அலகு) எண்ணிக்கை 2304 என்று இருக்கிறதா பாருங்கள். 2048 என்றால் அது 580 பெயரில் வரும் குறைந்த ரகம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஃபேன் மட்டும் பழுதான கார்டைப் புது ஃபேன் விலையைக் கழித்துவிட்டுத் தாராளமாக வாங்கலாம். 85 டிகிரிக்குக் கீழேயே திரையில் புள்ளிகளும் கோடுகளும் சிதறினால் மெமரி அடிபட்டிருக்கும். அந்தக் கார்டை எந்த விலைக்கும் தொடாதீர்கள்.