டிஃபெண்டர் பிக்கப்புக்கு ஸ்டியரிங் டேம்பர்: ஒயிலா, கேஸா?

எங்களுடையது பழைய லேண்ட்ரோவர் 110 பிக்கப். பவர் ஸ்டியரிங் கிடையாது. அக்கரபத்தனைப் பக்கம் தோட்டங்களிலிருந்து லீக்ஸ், கரட், போஞ்சி மூட்டைகளைத் தலவாக்கலை வரை கொண்டுவந்து லொறிக்கு மாற்றுவதுதான் அதன் வேலை. பள்ளத்தில் ஒரு சில்லு விழுந்து எழுந்தால் ஸ்டியரிங் கையில் நிற்காமல் உதறத் தொடங்கியது. அந்த உதறலை அடக்கும் குழாயான டேம்பரில் ஒயில் வடிந்து, சேறு அப்பிக் கிடந்தது. சரி, மாற்ற வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன்.

கராஜ் பாஸ் உடனே மாற்ற விடவில்லை. "தம்பி, இதக் கழட்டிட்டு அந்த வளைவு வரைக்கும் மெதுவா ஓட்டிட்டு வாங்க" என்றார். டேம்பர் இல்லாமல் வண்டி இன்னும் மோசமாக ஆடியது. அப்புறம் என்னை ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக அசைக்கச் சொல்லிவிட்டு அவர் கீழே படுத்துப் பார்த்தார். முன் அக்சிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பேன்ஹார்ட் ரொட்டின் ரப்பர் புஷ் கிழிந்து, போல்ட் அதற்குள் துள்ளிக்கொண்டிருந்தது. அந்த புஷ், ஸ்டியரிங் ரொட்டுகளின் போல் ஜொயின்ட், சில்லு திரும்பும் அச்சான சுவிவல் பின், வீல் பேரிங், சில்லு பெலன்ஸ் எல்லாவற்றையும் சரிபார்க்காமல் புது டேம்பர் போட்டால், உதறல் கொஞ்ச நாள் மறைந்திருந்து திரும்ப வரும். வாங்கும் முன் இதைச் செய்துவிடுங்கள்.

இனி டேம்பருக்கு வருவோம். நான் முதலில் போட்டது ஒற்றைக் குழாய் கேஸ் டேம்பர். ஐந்து மாதம் ஓடினேன். இப்போது ஒரு வருடத்துக்கு மேலாக, வண்டியோடு வந்ததைப் போன்ற இரட்டைக் குழாய் ஒயில் டேம்பரில் ஓடுகிறேன். என் வாக்கு ஒயிலுக்குத்தான்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கடை மேசையிலேயே பார்க்கலாம். தண்டை உள்ளே அமுக்கிக் கையை எடுங்கள். ஒயில் டேம்பர் விட்ட இடத்திலேயே நிற்கும். அழுத்தமான கேஸ் நிரப்பியதில் தண்டு தானாக வெளியே வரும். வண்டியில் பூட்டிய பிறகும் அந்தத் தள்ளல் போகாது. எங்கள் வண்டி நேர் ரோட்டில் லேசாக ஒரு பக்கம் இழுத்தது. றம்பொடை இறக்கத்தில் வளைவுக்கு வளைவு அதை உணர்ந்தேன். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் இது தெரியாமலே போகலாம்.

ஆனாலும் நான் கேஸைக் கைவிட்டதற்குக் காரணம் அந்த இழுவை இல்லை, கல். இந்த டேம்பர் முன் அக்சில் பக்கம் தாழ்வாகக் கிடப்பது. தோட்டத்துக் கல் ரோட்டில் சில்லு கிளப்பும் கல் அதில் வந்து அடிக்கும். ஒற்றைக் குழாயில் பிஸ்டன் ஓடுவது வெளியே தெரியும் அதே குழாயின் உட்சுவரில். அங்கே ஒரு பள்ளம் விழுந்தால் பிஸ்டனின் பாதையே கெட்டது. இரட்டைக் குழாயில் பிஸ்டன் உள்குழாயில் ஓடுகிறது, வெளிக்குழாய் அதற்குக் கவசம். அது கொஞ்சம் நசுங்கினாலும் உள்ளே வேலை நடக்கும்.

என் கேஸ் டேம்பருக்கு நடந்தது அந்தப் பள்ளம்தான். ஒருநாள் பாரத்தோடு கொண்டை வளைவில் வலப்பக்கம் ஒடிக்கும்போது ஸ்டியரிங் ஓரிடத்தில் இறுகிப் பிடித்தது. பலம் கொடுத்துத் திருப்பித் தப்பித்தேன். கழற்றிப் பார்த்தால் குழாயில் நகத்தளவு ஒரு பள்ளம், அவ்வளவுதான். தண்டு பாதி வரை போய் அங்கே சிக்கிக்கொண்டது. இப்போது இருக்கும் ஒயில் டேம்பரில் அதைவிடப் பெரிய இரண்டு நசுங்கல் இருக்கிறது. கழுவும் நாளில் ஒரு முனையைக் கழற்றி இழுத்துத் தள்ளிப் பார்க்கிறேன், ஒரே சீராகப் போய் வருகிறது. அதன் சீல் தேயும்போதும் முதலில் ஈரம் கசியும், நமக்கு மாற்ற அவகாசம் கிடைக்கும்.

கேஸுக்கும் நியாயம் சொல்ல வேண்டும். விடாமல் உதறும் ரோட்டில் ஒயில் சூடேறி நுரைத்தால் பிடி குறையும். கேஸ் அழுத்தம் அந்த நுரையைத் தடுக்கிறது. கல் அடிக்காத தார் ரோட்டிலேயே நெடுந்தூரம் ஓடுபவர்களுக்கு அதுவே பொருந்தலாம். நான் ஓட்டியது ஐந்து மாதம்தான், அதன் ஆயுளைப் பற்றி அதற்கு மேல் பேச மாட்டேன். கேஸ் என்று எழுதியதெல்லாம் ஒற்றைக் குழாயும் இல்லை. குறைந்த அழுத்தக் கேஸோடு இரட்டைக் குழாயிலும் வருகிறது, கடையில் கேட்டு வாங்குங்கள்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் கழற்றி விற்கும் பழைய டேம்பரை நான் போட்டதில்லை. வாங்குவதானால் தண்டில் துருப்புள்ளி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், அந்தத் துரு சீலை அறுத்துவிடும். சாதாரண ஷொக் அப்சோபரைப் படுக்கவைத்துப் பூட்டும் வேலை மட்டும் வேண்டாம். நிமிர்ந்து நிற்கச் செய்ததைப் படுக்கவைத்தால் ஒயிலோடு காற்றையும் உறிஞ்சும். போதாததற்கு, பெரும்பாலான ஷொக் அமுக்கும்போது ஒரு பலம், இழுக்கும்போது வேறு பலம் காட்டும். ஸ்டியரிங்குக்கு இரண்டு பக்கமும் ஒரே பலம் வேண்டும்.

பூட்டியதும் ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். சில்லைத் தடுத்து நிறுத்த வேண்டியது அக்சிலில் உள்ள ஸ்டொப் போல்ட். டேம்பரின் தண்டு அதற்கு முன்னால் முட்டினால், அளவு தவறான டேம்பரை வாங்கியிருக்கிறீர்கள்.