லக்சம்பர்க்: ஆறு வயதுப் பிள்ளைக்கு முதல் எழுத்து எந்த மொழியில்?

லக்சம்பர்க் என்றதும் "அங்கே எல்லாப் பிள்ளைகளும் மூன்று மொழி பேசும்" என்று நம்மில் பலர் வியந்து சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்த மூன்றையும் எந்த வரிசையில் கற்றுத் தருகிறார்கள், அந்த வரிசை யார் வீட்டுப் பிள்ளைக்குத் தோதாக இருக்கிறது என்பதில்தான் அங்கே பல வருடமாகச் சண்டை.

நிலவரம் இதுதான். ஏழு லட்சத்துக்கும் குறைவான மக்கள், அதில் பாதிக்குக் கிட்ட வெளிநாட்டவர், அவர்களில் போர்ச்சுகீசியர்தான் அதிகம். 1984 சட்டப்படி லக்சம்பர்கியம் தேசிய மொழி, சட்டங்கள் பிரெஞ்சில், அரசு அலுவலகங்களில் ஜெர்மனும் சேர்த்து மூன்றும் செல்லும். பள்ளியில் மழலை வகுப்பு முழுக்கப் பேச்சு லக்சம்பர்கியம்தான், 2017 முதல் கொஞ்சம் பிரெஞ்சும் காதில் விழ வைக்கிறார்கள். ஆறு வயதில் எழுதப் படிக்கக் கற்பது ஜெர்மனில். எட்டு வயதுவாக்கில் பிரெஞ்சு எழுத்து.

இப்போது அங்கே மூன்று வழிகள் முன்னால் இருக்கின்றன. முதலில் இந்தப் பழைய வழியைப் பார்ப்போம். லக்சம்பர்கியமும் ஜெர்மனும் நெருங்கிய உறவு, அதனால் வீட்டில் லக்சம்பர்கியம் பேசும் பிள்ளை ஜெர்மனில் எழுத்துக் கூட்டுவது பெரிய தாவல் இல்லை. வகுப்பு முழுக்க அப்படிப்பட்ட பிள்ளைகள் இருந்த காலத்தில் இது நல்ல ஏற்பாடுதான். இன்று தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்ட வீட்டில் முதன்மையாகப் பேசுவது வேறு மொழி. ஒரு போர்ச்சுகீசிய வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: வீட்டில் போர்ச்சுகீசியம், கடையிலும் அப்பாவின் வேலையிடத்திலும் பிரெஞ்சு, மழலை வகுப்பில் லக்சம்பர்கியம், பிள்ளை அப்போதுதான் அதில் நாலு வாக்கியம் பேசத் தொடங்கியிருக்கும், உடனே ஜெர்மனில் எழுது என்கிறது பள்ளி. வீட்டுப்பாடத்தை விரித்தால் அம்மாவுக்கும் புரியாது, அப்பாவுக்கும் புரியாது.

கணக்குப் பாடம் இன்னும் மோசம். தொடக்கப் பள்ளியில் கணக்கு ஜெர்மனில், பன்னிரண்டு வயதில் உயர்நிலைக்குப் போனால் வழக்கமான பாதையில் கணக்கு பிரெஞ்சுக்கு மாறிவிடும். 92 என்ற எண்ணை ஜெர்மனில் "இரண்டும் தொண்ணூறும்" என்று சொல்ல வேண்டும், ஒன்றின் இலக்கம் முன்னால் வரும். பிரெஞ்சில் அதே எண் "நாலு இருபது பன்னிரண்டு". ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதும் பிள்ளை, ஜெர்மனில் இரண்டைக் கேட்டுவிட்டு ஒன்பதுக்கு இடம் விட்டுக் காத்திருக்க வேண்டும், பிறகு பிரெஞ்சில் எண்பதை எழுதலாமா என்று யோசிப்பதற்குள் அது தொண்ணூறாகிவிடும். கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகூட மொழியில் தடுக்கி விழ இது போதும்.

பல நாடுகளின் பதினைந்து வயது மாணவர்களை ஒப்பிடும் பிசா தேர்வில், 2018-ல் லக்சம்பர்க் மாணவர்களின் வாசிப்பு மதிப்பெண் 470, வளர்ந்த நாடுகளின் அமைப்பான ஓஇசிடியின் சராசரி 487. பதினைந்து வயதுக்குள் ஒரு வகுப்பிலாவது இரண்டாம் முறை உட்கார்ந்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். ஐரோப்பாவின் பணக்கார நாடுகளில் ஒன்று இது, காசு இல்லாமல் வந்த குறை என்று சொல்ல முடியாது. பல்கலைக்கழகத்துக்கு நேராக இட்டுச் செல்லும் கிளாசிக் லிசே என்ற உயர்நிலைப் பள்ளியில் போர்ச்சுகீசியப் பிள்ளைகள் குறைவு, தொழிற்கல்விப் பக்கம் அதிகம் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

இரண்டாவது வழி, அரசே நடத்தும் ஐரோப்பியப் பள்ளிகள். 2016-ல் டிஃபர்டாஞ்சில் தொடங்கியது, இப்போது மொண்டோர்ஃப், யுங்லின்ஸ்டர், கிளெர்வோ, மெர்ஷ், தலைநகர் என்று மொத்தம் ஆறு. கட்டணம் கிடையாது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் என்று பிரிவுகள், ஒரு மொழியில் ஊன்றிக்கொண்டு மற்றதை அயல்மொழியாகக் கற்கலாம், லக்சம்பர்கியமும் உண்டு, முடிவில் ஐரோப்பிய பக்கலோரியா என்ற பள்ளியிறுதிச் சான்றிதழ். பிள்ளைக்கு இன்றைக்கே மூச்சுவிட இடம் தருவது இதுதான், மறுக்கவில்லை. ஆனால் இடம் குறைவு, தேடி விண்ணப்பிக்கத் தெரிந்த பெற்றோருக்கே முதலில் எட்டும். அப்புறம் ஒரே தெருப் பிள்ளைகள் ஆளுக்கொரு பள்ளிக்குப் போய், ஒருவரோடு ஒருவர் பேசாமலேயே வளரும் வாய்ப்பும் இதில் உண்டு. எனக்கு இதுதான் பெரிய உறுத்தல்.

மூன்றாவது வழி ஆல்ஃபா திட்டம். 2022-ல் லாரொஷெட், ஷிஃப்லாஞ்ச், டுடெலாஞ்ச், டிஃபர்டாஞ்ச் ஆகிய ஊர்களில் ஊருக்கு ஒரு பள்ளியாக நான்கு பள்ளிகளில் தொடங்கினார்கள். பிள்ளை ஜெர்மனில் எழுத்துப் பழகலாம், அல்லது பிரெஞ்சில் பழகலாம். ஆசிரியர்களோடு பேசிப் பெற்றோர் முடிவெடுக்கலாம். மொழிப்பாடம், கணக்கு போன்றவற்றுக்குக் குழு பிரியும், மற்ற நேரம் எல்லோரும் ஒரே கூரையில், பொதுப் பேச்சு லக்சம்பர்கியம். தொடக்கப் பள்ளி முடியும்போது இரண்டு குழுவும் இரண்டு மொழியிலும் சம நிலைக்கு வர வேண்டும் என்பது இலக்கு. 2026-27 முதல் நாடு முழுக்க விரிப்பது அரசின் திட்டம்.

லக்சம்பர்கியத்திலேயே முதல் எழுத்தைத் தொடங்கினால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. 2016-ல் அந்த மொழிக்கு முதலிடம் கேட்டு வந்த மனுவில் பதினாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள், ஆகவே உணர்வு சின்னதல்ல. ஆனால் பாடநூல் வளம் ஜெர்மன் அளவுக்கு இல்லை, போர்ச்சுகீசியப் பிள்ளைக்குச் சிக்கலும் தீராது.

என் ஓட்டு மூன்றாவதுக்கு. பழைய வழியை ஆதரிப்பவர்கள் "பிரெஞ்சுப் பக்கம் போனால் பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்துவிடுவார்கள், லக்சம்பர்கியம் தேய்ந்துவிடும்" என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, நாஜி ஆக்கிரமிப்பில் 1941 கணக்கெடுப்பின்போது தாய்மொழி லக்சம்பர்கியம் என்று துணிந்து எழுதிய மக்கள் அவர்கள். ஆனால் பிரிவு இன்றைக்கே பன்னிரண்டு வயதில் நடந்துகொண்டுதானே இருக்கிறது, எந்த லிசேயில் சேர்ப்பது என்ற முடிவின் பெயரில்? விளையாட்டு, ஓவியம், சாப்பாட்டு நேரம் எல்லாவற்றிலும் இரண்டு குழுவையும் சேர்த்தே வைத்திருந்தால் லக்சம்பர்கியம் தேயாது, அந்தப் பிள்ளைகளுக்குள் பொதுவாக இருக்கப்போகும் பேச்சே அதுதான். இதற்கு வகுப்புக்குக் கூடுதல் ஆசிரியர்கள் வேண்டும். அதில் கஞ்சத்தனம் காட்டினால் காகிதத்தில் மட்டும் சமநிலை வரும்.

வேலைக்காக அங்கே குடிபெயரும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைக்கு மூன்று நான்கு வயது, தங்கப்போவதும் நீண்ட காலம் என்றால் பக்கத்து அரசுப் பள்ளி மழலை வகுப்பில் சேருங்கள், அந்த வயதில் லக்சம்பர்கியம் விளையாட்டோடு ஒட்டிக்கொள்ளும், ஆறு வயதில் எந்த மொழி என்று ஆசிரியரோடு உட்கார்ந்து பேசலாம். பத்துப் பதினொரு வயதில் போகிறீர்கள் என்றால் அந்த யோசனையே வேண்டாம், அரசு ஐரோப்பியப் பள்ளியின் ஆங்கிலப் பிரிவில் இடம் கிடைக்குமா என்று இங்கிருந்தே விசாரித்துவிட்டு அப்புறம் வீடு பாருங்கள்.