பூக்களின் பள்ளத்தாக்குக்கு எனக்கு விற்கப்பட்ட 'சிறப்பு அனுமதி'

உத்தராகண்டிலுள்ள பூக்களின் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவுக்குச் செல்ல டெல்லியில் முகவர் வழியாக ஏற்பாடு செய்ய எண்ணுபவர்கள், முன்பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். சென்ற ஜூன் முதல் வாரத்தில் நானும் மனைவியும் மகளும் 68 வயதான மாமனாரும் அங்கே போய்த் திரும்பினோம்.

ஆர்.கே.புரத்தில் எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் வந்த விளம்பரத்தை நம்பி, பஹாட்கஞ்சில் மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டிருந்த அந்த முகவரைப் பார்க்கச் சென்றேன். சென்னையில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவராம்; வாய் நிறைய "அண்ணா" என்று அழைத்தார். அந்த ஒரு சொல்லிலேயே பாதி ஏமாந்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஜூன் தொடக்கத்தில் பள்ளத்தாக்கு முழுவதும் பூத்துக் குலுங்கும், ஓர் இரவு பூக்களுக்கு நடுவே கூடாரத்தில் தங்கலாம், வண்டி விடுதி வாசல் வரை போகும் என்றெல்லாம் சொல்லி, மொத்தம் 64,000 ரூபாய் பேசினார். அதில் வனத்துறையின் 'சிறப்பு அனுமதி'க்கு மட்டும் ஆளுக்கு 2,800 வீதம் 11,200 ரூபாய். பணத்தை நிறுவனத்தின் கணக்குக்கு அல்லாமல் யாரோ ஒருவருடைய சொந்தக் கணக்குக்கு யுபிஐயில் அனுப்பச் சொன்னபோதாவது நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

வண்டி கோவிந்த்காட்டோடு நின்றுவிட்டது. அங்கிருந்து புல்னா என்னும் சிற்றூர் வரை உள்ளூர் ஜீப் போகும். அதற்கு மேல் அடிவார முகாமான காங்கரியாவுக்கு ஏறக்குறைய 10 கிலோமீட்டர் நடந்தோ கோவேறு கழுதையிலோதான் ஏற முடியும் என்பதை எங்கள் ஓட்டுநர் சொல்லித்தான் அறிந்தோம். முழங்கால் வலி உள்ள மாமனாரைக் கழுதையில் ஏற்றிவிட்டு, அவருக்குப் பின்னால் நாங்கள் மூச்சிரைக்க நடந்தோம். "மாப்பிள்ளை, வாசல் எப்போது வரும்?" என்று அவர் வழிநெடுகக் கேட்டுக்கொண்டே வந்தார். கேலியா வேதனையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை சோதனைச் சாவடியில் அந்த அனுமதித் தாளை நீட்டினேன். காவலர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வட்ட முத்திரையில் மாநிலத்தின் பெயரிலேயே ஓர் எழுத்து குறைந்திருந்தது. அவர் ஒன்றும் பேசாமல் மேசை இழுப்பறையைத் திறந்து, அதே முத்திரையுடன் இருந்த வேறு இரண்டு தாள்களை எடுத்து என் முன் வைத்தார். பிறகு, நுழைவுச்சீட்டை எவரும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம் என்று விளக்கினார். வரிசையில் நின்று வாங்கினோம்; முகவர் ஆளுக்கு வாங்கிய தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. கூடாரத்தைப் பற்றிக் கேட்டபோது, பூங்காவுக்குள் இரவில் தங்க யாருக்கும் அனுமதியில்லை, வந்தவர்கள் எல்லோரும் மாலைக்குள் வெளியேறிவிட வேண்டும் என்றார். கழுதைகளையும் உள்ளே விடுவதில்லை என்பதால் மாமனார் விடுதியிலேயே இருந்துவிட்டார்.

பூங்கா ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரைதான் திறந்திருக்கும். திறந்த புதிதில் ஓடைகளின் மேல் பனிப்பாளங்கள் கிடக்கின்றன; அவை உருகிய ஓரங்களில் சில ஊதா ப்ரிமுலாக்களைத்தான் பார்த்தோம். அதுவும் அழகான காட்சிதான், ஆனால் விளம்பரப் படத்தில் இருந்தது அதுவல்ல. பூக்கள் நிறைவது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்டு நடுவரை, அதாவது மழைக்காலத்தில். அப்போது பத்ரிநாத் நெடுஞ்சாலையில் மண் சரிந்து வழி அடைபடுவது வழக்கம் என்பதால், திரும்பும் பயணச்சீட்டை இரண்டு நாட்களாவது தள்ளி எடுப்பது நல்லது. எங்கள் முகவர் ரிஷிகேஷ் வந்து சேரும் அன்றிரவே டெல்லி ரயிலுக்குப் பதிவு செய்திருந்தார்; நல்லவேளையாக மழை பெய்யவில்லை.

திரும்பி வந்ததும் பணத்தைக் கேட்டேன். 6,000 ரூபாயை அனுப்பிவிட்டு என் எண்ணைத் தடை செய்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். போலி முத்திரைக்காகக் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர் கொடுத்த ரசீதில் ஜிஎஸ்டி எண்ணோ முகவரியோ இல்லாததால் இரண்டும் மெதுவாகத்தான் நகர்கின்றன. இதற்கிடையில், எங்கள் குழுவில் அதே படத்துடன் அவருடைய புதிய விளம்பரம் வந்திருக்கிறது. இந்த முறை பயணத் தேதி மே 24.