பிளக் முறுக்க டார்க் ரென்ச்சா, கோணக் கணக்கா?

வீட்டில் ஸ்பார்க் பிளக் மாற்றும்போது பயப்பட வேண்டிய இடம் கடைசி முறுக்குதான். பிளக் உட்காரும் சிலிண்டர் ஹெட் பெரும்பாலும் அலுமினியம், பிளக்கின் மரை எஃகு. அதிகம் முறுக்கினால் ஹெட்டில் மரை போய்விடும், அப்புறம் லேத் பட்டறைதான். கம்மியாக விட்டாலும் ஆபத்து: பிளக்கின் சூடு ஹெட்டுக்கு இறங்காமல் முனை பழுத்து, பெட்ரோலை நேரத்துக்கு முன்பே பற்றவைக்கும்.

அளவாக முறுக்க இரண்டு வழி. ஒன்று டார்க் ரென்ச், அதாவது முறுக்கும் விசையை அளக்கும் ஸ்பானர்: அதில் வேண்டிய அளவை வைத்து, 'டிக்' சத்தம் வந்ததும் நிறுத்தலாம். வாஷர் உள்ள, மரை விட்டம் 14 மி.மீ. பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அலகு), 12 மி.மீ.க்கு 15 முதல் 20. கோணக் கணக்கு என்றால், வாஷர் உட்காரும் வரை விரலால், பிறகு சாக்கெட்டில் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு பங்கு சுற்று. சாக்கெட் விளிம்பில் ஒரு வெள்ளைப் பெயின்ட் புள்ளி வைத்தால் கண்ணுக்குத் தெரியும்.

புது பிளக்குக்கு என் ஓட்டு கோணத்துக்கே. ரென்ச் உராய்வையும் சேர்த்து அளக்கும். மரையில் மண் இருந்தால் பிளக் இறுகும் முன்பே டிக் என்றுவிடும். எண்ணெயோ, மரை ஒட்டிப் பிடிக்காமல் இருக்கத் தடவும் ஆன்டி-சீஸ் பசையோ தடவியிருந்தால் நேர் எதிர், அதே எண்ணில் அளவுக்கு மீறி இறுகும். வீல் நட்டுக்கு வாங்கிய பெரிய ரென்ச்சை இதற்கு எடுக்கவே கூடாது, இவ்வளவு சின்ன அளவில் அதை நம்ப முடியாது.

கழற்றிய பிளக்கையே திரும்ப மாட்டும்போது கதை வேறு. வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருப்பதால் பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்றுதான், அதாவது சின்ன முள் ஒரு மணி நேரத்தில் நகரும் தூரம். வாஷரே இல்லாத, கூம்பு அடி பிளக்குக்குப் பதினாறில் ஒரு பங்கு. அதைக் கையால் அளப்பது கஷ்டம், அங்கே சின்ன டார்க் ரென்ச்தான் சரி.

எதை எடுத்தாலும் இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், பழைய பிளக்கைக் கழற்றும் முன் குழியில் உள்ள தூசியை ஊதிவிட வேண்டும். மாட்டும்போது பிளக்கின் தலையில் ஒரு ரப்பர் குழாயைச் செருகிச் சுற்றுங்கள். மரை கோணலாகப் பிடித்தால் பிளக் நின்றுவிடும், குழாய் மட்டும் வழுக்கும். அப்போது இடப்பக்கம் மெதுவாகத் திருப்பினால் மரை 'டக்' என்று இறங்கும். அங்கிருந்து மறுபடி வலப்பக்கம்.